பிளக் பிடுங்கிய பெட்டி போட்ட ஊளை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போகிற ஆள் நான். சிதம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பதுதான் என் கட்சி. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போன ஆயுத பூஜை சமயம் எங்கள் மாணவர்கள் கண்காட்சிக்காக ஒரு மாடல் செய்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் உருவான முதல் கம்ப்யூட்டர்களைப் பார்த்துச் செய்தது. அந்தக் காலத்து மெஷின் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும், உள்ளே பல்பு மாதிரி ஏகப்பட்ட கண்ணாடி வால்வுகள், அது வேலை செய்கிறதா தூங்குகிறதா என்று பார்த்தால் தெரியாது. அதனால் வெள்ளைக்காரர்கள் அதில் ஒரு ஸ்பீக்கரை மாட்டிவிட்டார்கள். கணக்கு ஒழுங்காக ஓடினால் சத்தம் ஏறி இறங்கி வரும், எங்காவது மாட்டிக்கொண்டால் ஒரே சுருதியில் ஊளை. எங்கள் மாடல் பெட்டியும் கரண்ட் கொடுத்தால் அப்படித்தான் கத்தும். அதில் பேட்டரி கிடையாது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஜை அன்று லேபில் எல்லாவற்றுக்கும் ஓய்வு. தரையைக் கழுவி, மெயினை இறக்கி, பிளக்குகளைப் பிடுங்கி, பிடுங்கிய பிளக்குகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஆனால் சாமி படம் இருட்டில் இருக்கலாமா? மாணவர்கள் பக்கத்து அறையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, எங்கள் சுவிட்ச் போர்டுக்குள்ளேயே சொருகி, அதிலிருந்து சீரியல் லைட் எரியவிட்டிருக்கிறார்கள். லைட் நேராகப் பக்கத்து அறையிலிருந்து எரிகிறது என்றுதான் நான் நினைத்தேன், என் மச்சானும் அப்படியே நினைத்தான்.

மச்சான் செந்தில் என் மனைவியின் தம்பி, சேத்தியாத்தோப்பில் எலக்ட்ரீசியன், வீட்டில் கைக்குழந்தை. அந்த போர்டு ஆடுகிறது என்று நான்தான் ஒருமுறை சொல்லியிருந்தேன். பூஜைக்கு வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். எல்லோரும் பொரி வாங்கப் போயிருந்தார்கள், உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான்.

"பூச போட்ட அன்னிக்கி வேல செய்யக் கூடாதுடா, நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றேன்.

"மெயின்தான் எறக்கியாச்சே மாமா, ஒரு நிமிசம்."

ஈரத் தரை, வெறுங்கால். மூடியைக் கழற்றி விரலை உள்ளே கொண்டுபோனான். பெட்டி ஊளையிட்டது. நம்புங்கள், நம்பாமல் போங்கள், பிளக் என் காலடியில் குங்குமத்தோடு கிடக்கிறது, பெட்டி ஒரே சுருதியில் அலறுகிறது. எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. செந்தில் வெடுக்கென்று கையை இழுத்து மல்லாந்து விழுந்தான். சத்தம் நின்றது.

எழுந்து போர்டில் டெஸ்டரை வைத்தான். எரிந்தது. பக்கத்து அறை ஒயர் வழியாக போர்டுக்குள் கரண்ட் வந்துகொண்டிருந்திருக்கிறது. தொட்டிருந்தால் அவன் அக்காவிடம் நான் என்ன சொல்லியிருப்பேன், அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பெட்டியைப் பிரித்து ஒயர் ஒயராகப் பார்த்தேன். ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து கடலூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். "அந்தப் பொட்டி மட்டும் கத்தலன்னா என்னடா ஆயிருக்கும்" என்றேன்.

"எந்தப் பொட்டி மாமா? எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. நீங்க கத்துனீங்க, நான் கைய எடுத்தேன்."

"நான் வாயே தொறக்கலடா."

"வெளையாடாதீங்க மாமா, காதுக்குப் பின்னாடியே கத்துனீங்களே." சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். "ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கி ஏன் இங்கிலீஷ்ல கத்துனீங்க? கைய எடுக்கச் சொல்றீங்கன்னு மட்டுந்தான் தெரிஞ்சிச்சி, மத்தது ஒண்ணும் புரியல."

என்ன வார்த்தைகள் காதில் விழுந்தன என்று அவனிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.