தனி நேரத்து போண்டா

மதுரையில் ஒரு சபா ஹாலுக்குப் பின்னால் நானும் என் வீட்டுக்காரரும் ஒன்பது வருசம் கேன்டீன் நடத்தினோம். கேன்டீன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, இரண்டு விறகடுப்பு, ஒரு பம்ப் ஸ்டவ், நாலு பெஞ்சு. அவர் கல்யாணச் சமையல் கோஷ்டியில் தொழில் பழகியவர். நான் அவரைக் கட்டிக்கொண்டு கோச்சடைக்கு வந்த பிறகு அவரிடம் பழகினேன். முதல் வருசம் சமைக்கிறது யாரு, எந்த ஊரு என்று நோண்டி நோண்டிக் கேட்டுவிட்டு வெறும் கையோடு போனவர்கள் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் என்று ஒளிக்காமல் சொல்வேன். இரண்டாம் வருசம் அதே ஆட்கள் எங்கள் உருளைக்கிழங்கு போண்டாவுக்கு முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு மட்டும் சட்னியைக் குறைத்து ஊற்றினேன்.

எனக்குப் பாட்டு தெரியாது. சுவர் வழியாகக் கேட்டதுதான் என் சங்கீதம். ஆனால் ஒன்று மட்டும் எந்த வித்வானுக்கும் குறையாமல் தெரியும், அது தனி. பாட்டுக்காரர் அன்றைக்குள்ள பெரிய பாட்டைப் பாடிவிட்டு நிறுத்துவார். அதற்கப்புறம் மிருதங்கம் மட்டும் தனியாக ஒரு பத்து, பன்னிரண்டு நிமிசம் வாசிக்கும். அது ஆரம்பித்ததும் பாதி ஹால் எந்திரித்துவிடும். அம்புட்டு பேரும் நேரே எங்களிடம்தான். சாயங்காலம் முழுக்க அடுப்படியில் வேகிறோமே, அந்தப் பன்னிரண்டு நிமிசத்துக்காகத்தான். மிருதங்கத்தின் முதல் அடி விழும்போது முதல் ஈடு போண்டா எண்ணெயிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு நிமிசம் தப்பினாலும் என் வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கி மாளாது. தின்று முடித்து, காபி குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே போகவும் தனி முடியவும் சரியாக இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருசம் சபா செயலாளருக்குப் புது யோசனை வந்தது. மனுசர் நல்லவர்தான், ஆனால் எதையாவது புதிதாகச் செய்யாவிட்டால் தூக்கம் வராது. மெட்ராசில் இருக்கிற ஏதோ ஒரு வெளிநாட்டு ஆபீஸ் மூலமாக ஜாஸ் வாசிக்கிற அஞ்சு பேரைப் பிடித்துவிட்டார். ஒரு வாரம் சாயங்காலக் கச்சேரி, ஒரு நாள் நம்ம பாட்டு, ஒரு நாள் அவர்கள் பாட்டு என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ஜாஸ் என்றால் என்ன பலகாரம் போடுவது என்று என் வீட்டுக்காரர் நிஜமாகவே கவலைப்பட்டார். வாய் ஒன்றுதானே, போண்டாவே போடுங்கள் என்றேன்.

இரண்டாம் நாள் அவர்கள் முறை. பீப்பி மாதிரி வளைந்த ஒன்று, ஆளுயர வயலின் ஒன்று, பித்தளையில் இன்னொன்று, பியானோ, அப்புறம் வட்டம் வட்டமாக டிரம் செட். நான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கால் மணி நேரத்திலேயே மற்றதெல்லாம் நின்று டிரம் மட்டும் கேட்டது. அடடா, தனி இம்புட்டு சீக்கிரமா வந்துருச்சு என்று அவசர அவசரமாக ஒரு ஈடு போட்டு எடுத்தேன். ஒரு ஈ காக்கா வரவில்லை. டிரம் நின்று மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது. அடுத்த பாட்டில் மறுபடியும் டிரம் மட்டும். மறுபடியும் ஒரு ஈடு. அப்போதும் யாரும் இல்லை. கடைசியில் அந்த ஆள் டிரம்மை மட்டும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பொளந்து கட்டினார். நான் கரண்டியோடு போய்ப் பக்கத்துக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு நாற்காலி காலியில்லை. தினமும் முதல் ஆளாக வந்து "சூடா ரெண்டு" என்கிற செயலாளர்கூட வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு ஈடு போண்டாவும் ஆறிப் போய்க் கிடந்தது. அதே கொட்டுதானே, இவர் கொட்டினால் மட்டும் ஏன் ஒருத்தரும் அசையவில்லை? கதவோரம் நம்ம மிருதங்கக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் மேடையையே பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், வரிசை வரிசையாக.

மிருதங்கக்காரர் உள்ளூர் ஆள். தவில்காரக் குடும்பத்தில் பிறந்து மிருதங்கத்துக்கு வந்தவர். பகலில் ஒரு மில்லில், ஆட்கள் வந்துபோகிற நேரத்தைக் குறிக்கிற டைம் ஆபீஸ் வேலை. சாயங்காலம் உறை போட்ட மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். வெளியூரிலிருந்து வருகிற பாட்டுக்காரர்களுக்கு அந்தச் சபாவில் இருபது வருசமாக அவர்தான் பக்கவாத்தியம். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பெரிய பேச்சில்லை, ஏனென்றால் எனக்கு வேலை இருக்கிற நேரமெல்லாம் அவருக்கும் வேலை.

மறுநாள் காலையில் நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். அன்றைக்குச் சாயங்காலம் நம்ம பாட்டு, மெட்ராசிலிருந்து பெரிய வித்வான், மிருதங்கம் இவர். நின்றவர் உட்காரவில்லை. அந்த டிரம் வாசிக்கிறவர் தன்னைத் தேடி வந்ததைச் சொன்னார். ஜாஸ்காரர்களோடு ஒரு காலேஜ் இங்கிலீஷ் வாத்தியார் துணைக்குச் சுற்றிக்கொண்டிருந்தார், அவர்தான் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொன்னாராம். உங்கள் வாத்தியத்தைத் தனியாகக் கேட்க வேண்டும், முதல் வரிசையில் வந்து உட்காருவேன் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். இவர் சரி என்றுவிட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லையாம்.

"தங்கச்சி, ஒரு உபகாரம். இன்னைக்கு என் தனி நடக்கும்போது அடுப்ப அணைச்சுரு. போண்டா போடாத. நான் கை வைக்கவும் ஜனம் எந்திரிச்சுப் போறத அவரு பாக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்களுக்கு முன்னால் வேறு ஆள் கேன்டீன் நடத்தின காலத்திலிருந்தே, இருபது வருசமாக எந்திரித்துப் போகிறது ஜனம், பழி எங்கள் போண்டா மேலேயா என்று கேட்டுவிட்டேன். உங்கள் கச்சேரிக்கு நாங்கள் என்ன இடைஞ்சலா என்றும் கேட்டேன். அப்படியெல்லாம் பேசியிருக்கக் கூடாதுதான், வாய் முந்திக்கொண்டது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பத்தைந்து வயசு ஆள், முழுக்கைச் சட்டை போட்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தின பிள்ளை மாதிரி நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. சரிண்ணே, போங்க, அணைச்சுர்றேன் என்றேன்.

என் வீட்டுக்காரர் குதித்தார். உனக்கென்ன கிறுக்கா, அந்த நேரத்தை விட்டால் இன்றைக்கு யாவாரம் ஏது என்றார். ஒரு நாள் போனால் போகட்டும், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நான் பிடித்த பிடியை விடவில்லை. மாவு கரைக்கவே இல்லை. உரித்த கிழங்கை வீட்டுக்கு எடுத்துப் போய் நாமே தின்போம் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு பெஞ்சில் போய்ப் படுத்துவிட்டார்.

சாயங்காலம் பாட்டு நன்றாகப் போயிற்று, அதாவது சுவர் வழியாக அப்படித்தான் கேட்டது. நான் காபியோடு நிறுத்திக்கொண்டேன். எட்டு மணி சுமாருக்குப் பாட்டு நின்றது. நான் அடுப்பில் தண்ணீர் தெளித்தேன். முதல் அடி விழுந்தது. பார்த்தால், மந்தையைத் திறந்துவிட்ட மாதிரி கதவு வழியாக வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன, இருபது வருசமாகக் கால் தானாக எந்திரிக்கிறது.

வந்தவர்கள் அடுப்பைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். இன்றைக்கு ஒன்றும் இல்லை, எண்ணெய் தீர்ந்துபோச்சு என்றேன். திரும்பி உள்ளே போவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன், மிருதங்கக்காரரும் நினைத்திருப்பார். போகவில்லை. அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார்கள். மற்ற நாளில் வாயில் போண்டா இருக்கும், அதனால் சத்தம் அடங்கி இருக்கும். அன்றைக்கு நாற்பது, ஐம்பது வாயும் காலியாக இருந்தது. பாட்டுக்காரரின் தொண்டையைப் பற்றி ஒரு கூட்டம், மகள் கல்யாணத்தைப் பற்றி ஒரு கூட்டம், சிரிப்பு வேறு. செயலாளர் வந்து, எண்ணெய் தீர்ந்தால் முன்னாடியே சொல்ல வேண்டாமா என்று என்னிடம் எகிறினார். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் ஓடி வந்து, சத்தம் உள்ளே வரைக்கும் கேட்குது, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று கும்பிட்டார். யாரும் சட்டை பண்ணவில்லை.

நல்லது செய்யப் போய் இன்னும் கெடுத்துவிட்டேனே என்று எனக்குப் பதறியது. உள்ளே மிருதங்கம் அப்போதுதான் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மூன்று நிமிசம்கூட ஆகியிருக்காது. அந்த வெளிநாட்டுக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் பாதி நாற்காலி காலி, வெளியே சந்தைக்கடைச் சத்தம். எனக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"உள்ள ஒரு மனுசன் உசுரக் கொடுத்து வாசிக்கிறாரு. போண்டா இல்லேன்னா செத்தா போயிருவீங்க? போங்க, உள்ள போய் உக்காருங்க!"

கத்தியே விட்டேன். பெரிய மனுசர்கள், வக்கீல், டாக்டர் எல்லாம் இருக்கிறார்கள், எதையும் பார்க்கவில்லை. அப்புறம் செயலாளர் முதலில் நகர்ந்தார், அவர் பின்னாலேயே மற்றவர்களும். கடைசி ஆளையும் கரண்டியைக் காட்டி உள்ளே அனுப்பிவிட்டு நானும் பக்கத்துக் கதவில் போய் நின்றேன். ஒன்பது வருசத்தில் தனியைச் சுவர் இல்லாமல் நான் கேட்கப் போகிறது அதுதான் முதல் தடவை. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கூட்டம் வரிசை வரிசையாக உட்கார்ந்துகொண்டிருந்தது. மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கை வேகம் எடுத்தது. அந்த வேகம் எனக்குத் தெரியும், முடிக்கிற வேகம். என்ன இது, இப்போதுதானே ஆரம்பித்தார் என்று நான் நினைப்பதற்குள் முடிப்பு மூன்று தரம் விழுந்தது. பாட்டுக்காரர் திடுக்கிட்டு, கையில் தாளத்தைத் தடவிப் பிடித்துக்கொண்டு பாட்டை எடுத்தார். நாலு நிமிசம்தான், தனி முடிந்துவிட்டது. முதல் வரிசையில் அந்த டிரம்காரர் கையைத் தட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த வாத்தியாரிடம் ஏதோ கேட்டார். இனிமேல்தான் தனி வருமா என்று கேட்டாராம். வாத்தியார் பிறகு சொன்னார்.

கச்சேரி முடிந்து எல்லாரும் போன பிறகு மிருதங்கக்காரர் கேன்டீனுக்கு வந்தார். அன்றைக்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. தனியில் ஒருநாளும் கடிகாரம் பார்ப்பதில்லை, கூட்டத்தைத்தான் பார்ப்பேன் என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு ஆட்கள் உள்ளே வர ஆரம்பித்தால் நேரமாகிவிட்டது, முடிக்க வேண்டும். இருபது வருசமாக அப்படித்தான். இன்றைக்கும் ஆட்கள் உள்ளே வந்தார்கள், கை அதுபாட்டுக்கு முடிக்கப் போய்விட்டது. பாதியில் தெரிந்ததாம், ஆனால் அதற்குள் முடிப்பு ஓடிக்கொண்டிருந்ததாம்.

தனி முடியப்போவது தெரிந்துதான் ஆட்கள் உள்ளே போகிறார்கள் என்று நான் அத்தனை வருசமும் நினைத்திருந்தேன். ஆட்கள் உள்ளே வருவதைப் பார்த்துத்தான் அவர் முடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாம் நிமிசத்திலேயே மொத்தக் கூட்டத்தையும் உள்ளே தள்ளிவிட்டது நான். அவருடைய ஒரே ஒரு தனியைக் கெடுத்தது நான்தான். சொல்லிவிடுவது என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் பேசினார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"ஒண்ணு பாத்தியா தங்கச்சி. ரோட்டுக்கு எதுத்தாப்ல டீக்கடை தெறந்துதான இருக்கு? அங்க போயிருக்கலாம், வீட்டுக்குக்கூடப் போயிருக்கலாம். போகலையே, எனக்காகத் திரும்பி வந்துட்டாங்க. இன்னைக்கு அம்புட்டு பேரும் உக்காந்துதான் இருந்தாங்க. நாந்தான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான் கத்தினதைக் கேட்டவர் அவர்; மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு அது எட்டவில்லை.

"ஆமாண்ணே," என்றேன். "யாரும் கூப்புடல. அவங்களாத்தான் போனாங்க."