மணிக்குக் காப்புறுதி

ஊரை விட்டு இடம்பெயர்ந்த அன்று எங்கள் நாய் வீமனை நான் அவிழ்த்துவிடவில்லை. அவிழ்த்துவிட்டேன் என்று ஏழு வயது மகள் ஆரணியிடம் சொன்னேன். இரண்டு நாளில் திரும்பிவிடுவோம், அதுவரை தையல் மெஷினையும் அரிசி மூட்டையையும் யாரும் தூக்கிப்போகாமல் இவன் காவல் இருக்கட்டும் என்று நினைத்தேன். திரும்பிப் போக ஏழு மாதமாயிற்று. மாமரத்தடியில் சங்கிலி கிடந்தது. கழுத்துப்பட்டி பூட்டியபடியே இருந்தது. இரண்டையும் கிணற்றில் போட்டுவிட்டு வந்தேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன் நான். கணக்குப் பிழைத்துவிட்டது என்று சொல்லித் தப்பப் பார்க்கவில்லை.

சென்னைக்கு வந்து இத்தனை வருடமாகியும், கொட்டிவாக்கத்தில் நான் வாய் திறந்தால் “மலையாளமா சார்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காத ஒரே ஜீவன் மணி. மனைவி இறந்த வாரம் தெருவிலிருந்து படியேறி வந்து, போகச் சொல்லியும் போகாத நாய். கருத்தடை செய்த அடையாளமாக மாநகராட்சிக்காரர்கள் அதன் காதில் ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது டொராண்டோவில் இருக்கும் ஆரணி, என்னை அங்கே கூப்பிட்டுக்கொள்ளக் கடிதமெல்லாம் சரிசெய்துவிட்டாள். தடையாக இருந்தது மணி மட்டும்தான்.

“அப்பா, நாய்க்குக் காப்புறுதி எடுங்கோ. எடுத்துப்போட்டு நாயளை வைச்சுப் பாக்கிற இடத்தில விட்டிட்டு வாங்கோ. இஞ்ச எல்லாரும் எடுக்கினம்,” என்றாள்.

பாலவாக்கத்தில் அப்படியொரு விடுதி உண்டு. வயதான நாயென்றால், காப்புறுதி இருந்தால்தான் சேர்ப்பார்களாம். ஆக, காப்புறுதிப் படிவத்தில் கையெழுத்திட்டால் நான் விமானம் ஏறலாம். மகளுக்கு ஓம் என்றும் இல்லையென்றும் சொல்லாமல், மணியை ஆட்டோவில் ஏற்றி அடையாறில் ஒரு நாய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த காப்புறுதி முகவர் பெயர் ரெஜினா. சாந்தோம்காரர், ஐம்பது வயதிருக்கும்.

“ஊசியெல்லாம் போட்டாச்சா அங்கிள்?”

“ஓம், போன மாசம்தான் விசர் ஊசி போட்டனான்.”

ரெஜினா பேனாவைக் கீழே வைத்தார். “இன்னாது, விஷ ஊசியா? உயிரோட கீற நாய்க்கு விஷ ஊசி போட்டுட்டு இன்சூரன்ஸ் கேக்க வந்தீங்களா? சரியான கேடி அங்கிள் நீங்க!”

காத்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் தன் பூனைக்கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் வெறிநாயை விசர்நாய் என்போம், அதற்கான தடுப்பூசிதான் விசர் ஊசி என்று நான் விளக்கியதும் ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தார். “பயந்தே பூட்டேன். இன்னா தமிழோ போங்க!” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு நிமிடம் அவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு உரியதுதான். நாய்தான் வேறு.

“வயசு?”

“பதினொண்டு எண்டு டொக்டர் சொன்னவர்.”

“எடுக்க மாட்டாங்களே. ஏழுன்னு போட்டுக்கலாம். தெருநாய்னு எழுதாதீங்க, கிராஸ்னு எழுதுங்க. காது கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம். இன்னாடா செல்லம், நீ போய்ப் போட்டுக் குடுத்துடுவியா?”

“பொய் எழுதமாட்டன்.”

“நாயோட நல்லதுக்குத்தான அங்கிள்?”

“போன முறையும் அப்பிடித்தான், பிள்ளையின்ரை நல்லதுக்கெண்டு சொன்னனான்.”

அவருக்குப் புரியவில்லை. பதினொன்று, தெருநாய் என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். “இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது?” என்றார். கிழிக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

இங்குள்ளவர்கள் காப்பீடு என்கிறார்கள், நாங்கள் காப்புறுதி என்போம். வீமனுக்கு நான் எதை ஈடாகக் கொடுப்பது? உறுதி கொடுக்கலாம். மணி இருக்கும்வரை நான் எங்கும் போவதில்லை. வயது போன காலத்தில் ஒரு தெருநாய்க்காகக் கனடாவை விட்டவன் என்று ஊரில் இருக்கும் நீங்களும், பனியில் இருக்கும் நீங்களும் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள்.

அன்று மாலையே ஆரணியைக் கூப்பிட்டு, ஏன் வரமாட்டேன் என்பதையும் வீமனுக்கு நடந்ததையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். மூன்று ஞாயிறுகள் அழைப்பே இல்லை. நான்காவது ஞாயிறு, எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் தொடங்கினாள்.

“சங்கிலி தண்ணித்தொட்டி வரைக்கும் எட்டுமோ அப்பா?”

“எட்டாது பிள்ளை.”



“வீமன் ஆரோ ஒரு வீட்டில சாப்பிட்டு வளந்து கிழவனாச் செத்தவன் எண்டு என்ரை பிள்ளையளுக்குக் கதை சொல்லி வைச்சிருக்கிறன். இனி உங்களை வரச்சொல்லிக் கேக்கமாட்டன்.”

கேட்கவுமில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை. தொலைபேசியை மணியின் பக்கம் திருப்பச் சொல்கிறாள். “இஞ்ச வா” என்று அவள் அங்கிருந்து கூப்பிடும் நேரம் பார்த்து, தெருவில் மீன்கார அம்மா “டேய் மணி, இங்க வாடா” என்று கத்துவார். மணிக்கு இரண்டு தமிழும் தெரியும். முன்கால்கள் தெருவிலும் பின்கால்கள் வீட்டுக்குள்ளுமாக அது வாசலில் நிற்கும். நான் தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடி பின்னால் நிற்பேன். கேட்டைச் சாத்துவதில்லை.