தொலைபேசியில் வெள்ளைக்காரி, வாசலில் தமிழச்சி

கனடாவில், பிறம்ரன் கிடங்கொன்றில் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தபோது எனக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, நான் புவனாவின்ரை அண்ணை. தங்கச்சி விடிய ஆஸ்பத்திரியிலை மோசம் போயிட்டா. உமக்கு முதல் சொல்லச் சொன்னவ." அக்காவின் மரணத்தைச் சொன்னது, ஒருகாலத்தில் தன் வீட்டில் இடமில்லை என்று எனக்குச் சொன்ன அதே குரல்.

புவனா அக்காவை உங்களில் பலர் அவர் எழுதிய கதைகளால் அறிவீர்கள். அதற்கு முன் அவர் வாடகை வீடு மறுக்கப்பட்டவர்களின் முறைப்பாடுகளை விசாரித்து வந்தார். ஸ்காபரோவில் அந்த அலுவலகத்தில் நானும் பகுதிநேரமாக இருந்தேன். முதலில் நான் என் யாழ்ப்பாண ஆங்கிலத்தில் வீட்டுக்காரரை அழைப்பேன். வீடு போய்விட்டது என்பார்கள். சற்றுப் பொறுத்து அக்கா தன் கொன்வென்ற் ஆங்கிலத்தில் அழைப்பார். வீடு திரும்பி வந்துவிடும். பிறகு சேலையோடு போய் வாசலில் நிற்பார். "போனிலை வெள்ளைக்காரி, வாசலிலை தமிழச்சி. அவன்ரை முகம் மாறுறதைப் பாக்கோணும் நீர்!" என்று சிரிப்பார்.

எனக்கு இடம் தேவைப்பட்டபோது, "மில்லிக்கனிலை எங்கடை வீட்டு பேஸ்மென்ற் சும்மா கிடக்கு, அண்ணையிட்டைப் போம்" என்றார். போனேன். "ஊரிலை எவடம்? எந்தக் கோயிலடி?" என்று அண்ணை கேட்டார். சொன்னேன். என் சாதி அவருக்குத் தெரிந்துவிட்டது. "சொந்தக்காரர் வருகினம் தம்பி, இடமில்லை."

மறுநாள் அக்கா தன் மேசையிலிருந்தே என்னை மீண்டும் அழைக்கச் சொன்னார். வேறு பெயர், அக்காவின் ஊர், அக்காவின் கோயிலடி. குரலையும் தடிப்பாக்கிக்கொண்டேன். அக்கா மற்ற ரிசீவரில் கேட்டுக்கொண்டிருந்தார். "இருக்குத் தம்பி, வந்து பாருமன்" என்றார் அண்ணை. அக்கா அன்று சிரிக்கவில்லை.

அலுவலகத்து வெள்ளைக்கார மேலதிகாரியிடம் கொண்டுபோனோம். ஊரைக் கேட்டதில் என்ன குற்றம் என்று அந்த நல்ல மனிதருக்கு விளங்கவேயில்லை. சாதி என்ற சொல் அவரது சட்டப் புத்தகத்தில் இல்லை. "வழக்கு இல்லையெண்டால் கதை" என்றார் அக்கா.

எழுதி, முதலில் அண்ணைக்கே வாசித்துக் காட்டினார். "உது வெளியிலை வந்தால் நீ இந்த வீட்டிலை இருக்கேலாது" என்றார் அண்ணை. கதை சஞ்சிகையில் வந்தது. அக்கா மோர்னிங்சைட்டில் ஓர் அப்பார்ட்மென்ற் எடுத்தார். அதில் ஓர் அறை எனக்கு. "எப்ப வாறீர்?" என்று மட்டுமே கேட்டார். பையோடு நான் போய் நின்றபோது, "அண்ணை பொய் சொல்லேல்லை பாரும், சொந்தக்காரர் வந்திட்டினம்" என்றார். என்னை யாரும் அதற்கு முன் அப்படி வரவேற்றதில்லை.

பிறகு வேலையை விட்டுக் கதையே எழுதினார். நம் ஊத்தையை நாலு பேர் முன் அலசுகிறார் என்று கூட்டம் போட்டுத் திட்டியவர்கள், செத்தவீட்டில் மாலையோடு முன்வரிசையில் நின்றார்கள். நிற்கட்டும். அவர்களையும் அக்கா எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அவரது அறை இப்போது காலி. நேற்று ஒருவர் இடம் கேட்டு அழைத்தார். நான் கேட்காமலே தன் ஊரைச் சொன்னார், கோயிலடியைச் சொல்லத் தொடங்கினார்.

"அது வேண்டாம்" என்றேன். "எப்ப வாறீர்?"