தோணியில் ஏறிய காந்தப் பெட்டி

என் கணவர் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். உப்பளங்களில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் தூத்துக்குடியில் பாதிப்பேர் அவர் கடையைத்தான் தேடி வருவார்கள். தொழிலில் அப்படியொரு கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு நின்றிருந்தால் எனக்கு இதை எழுத வேலையே இல்லை.

எழுபதுகளின் நடுவில் மின்வெட்டு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஊரே விசிறியும் கையுமாக உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் யோசித்தார். செலவில்லாத மின்சாரம் வேண்டும் என்று தீர்மானித்தார். ஒரு சைக்கிள் சக்கரத்தைப் படுக்கப்போட்டு, பழைய ஒலிபெருக்கிகளில் பிடுங்கிய காந்தங்களை அதன் விளிம்பு முழுக்க வைத்துக் கட்டினார். பக்கத்தில் ஒரு காயில், கீழே ஒரு லாரி பேட்டரி. சக்கரம் சுற்றச் சுற்ற டக், டக் என்று ஒரு சத்தம் வரும்.

"கரண்ட்ட ஒரே சீரா விடக் கூடாதுளா. விட்டு விட்டு விடணும். நிறுத்துத நேரத்துல காயில் ஒரு உதறு உதறும். அந்த உதறலப் பிடிச்சி பேட்டரிக்கே திருப்பி விட்டா, போனது பூரா திரும்பி வந்துரும். மேல கொஞ்சம் கூடவும் வரும்."

"அப்ப சோத்தையும் விட்டு விட்டுப் போடுதேன். பானையில திரும்பி வருதா பாப்போம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சக்கரம் இருந்தது என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். வீட்டில் வேறு இடம் கிடையாது. என் கொண்டை ஊசிகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. கைக்கடிகாரம் நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்துகொண்டு, மணி என்ன என்று பிள்ளைகளிடம் கேட்கும்படி ஆனது.

என் அண்ணன் தோணியில் தண்டல். தோணி என்றால் மீன்பிடிக்கப் போகிற வள்ளம் அல்ல. பாய் கட்டி, வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற பெரிய மரக்கலம். தண்டல்தான் அதற்கு எல்லாம். முதலாளி கரையில் இருப்பார். கடலில் தண்டல் சொன்னதே சட்டம். அண்ணன் சின்ன வயதிலேயே தண்டலானவர். அந்தப் பேர் எங்கள் வீட்டுக்கே ஒரு நகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் ஏதோ பேச்சில் சொன்னார். "மச்சான், பெரிய கப்பல்காரன் கண்ணுக்கு எங்க அரிக்கன் லைட்டு எங்கன தெரியுது? ராத்திரி ஆனா உசுரக் கையில பிடிச்சிக்கிட்டுத்தான் போறோம்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை என்பார்களே, அது அன்றைக்கு அந்தச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. அடுத்த பயணத்துக்குள் இவர் சக்கரம், காயில், பேட்டரி எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கிவிட்டார். வெளியே ஒரு பல்பு. அணையாத விளக்கு, எண்ணெய் வேண்டாம், தீப்பெட்டி வேண்டாம். அண்ணனுக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, தங்கை மாப்பிள்ளை ஆசையாகச் செய்ததைத் தட்ட மனம் வரவில்லை. எனக்கோ சனியன் குசினியை விட்டுப் போகிறதே என்று சந்தோஷம்.

பெட்டி நனையக் கூடாது. தோணியில் நனையாத இடம் ஒன்றுதான் உண்டு. பின்பக்கம் சுக்கான் பிடிக்கிறவர் பக்கத்தில் ஒரு சின்னக் கூரை. அங்கே வைத்தார்கள். திசை பார்க்கிற காம்பாஸும் நனையக் கூடாது. அதுவும் அங்கேதான் இருந்தது.

கரை தெரிகிறவரை காம்பாஸை யார் பார்க்கப்போகிறார்கள்? வானம் தெளிந்திருந்தால் நட்சத்திரம் போதும். முதல் ராத்திரி அப்படித்தான் போயிற்று. இரண்டாம் ராத்திரி மூட்டம் போட்டுவிட்டது. ஒரு நட்சத்திரம் இல்லை. அண்ணன் காம்பாஸ் முள்ளை நம்பி ஓட்டினார். கொழும்புக்குப் போக வேண்டிய தோணி, அதற்கு வெகு வடக்கே கற்பிட்டிப் பக்கம் பாறையில் ஏறி உடைந்தது.

நாங்கள் கரையில் ஒன்றும் தெரியாமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் தந்தி வந்தது. ஆட்கள் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் கால் ஒடிந்திருந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரம் வழியாக வந்து சேர்ந்தார்கள். அண்ணன் கையில் ஒரு துணிமூட்டை. அதற்குள் காம்பாஸ் மட்டும்தான்.

"நீவாடு இழுத்துட்டு" என்றார் எல்லாரிடமும். கடலடி நீரோட்டத்தை நாங்கள் நீவாடு என்போம். அதை யாரும் நம்பவில்லை. எத்தனை வருஷம் அந்த வழியாகப் போய்வந்தவர், நீவாடு தெரியாதவரா? குடித்திருப்பான் என்றார்கள். தூங்கியிருப்பான் என்றார்கள். முதலாளி வேறு தோணி தரவில்லை. மற்றவர்களும் தரவில்லை. கொழும்புக்கு வழி தெரியாத தண்டல் என்று சின்னப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். கடைசியில் அண்ணன் உப்பு மூட்டை தூக்கப் போனார். துறைமுகத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் காந்தப் பாடம். வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான். மேசையில் காம்பாஸை வைத்து, சட்டக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். "பாத்தீங்களா, முள் வடக்கை விட்டுட்டு..." என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். காம்பாஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"பாறையில முட்டினதும் காம்பாஸத் தூக்கிக்கிட்டு, தோணியோட கட்டியிருந்த சின்ன வள்ளத்துல குதிச்சேன். தோணிய விட்டு விலகினதும் முள்ளு தன்னால திரும்புது. அப்பவே வெளங்கிட்டு."

"விளக்கு?"

"அது ரெண்டாம் நாள் பொழுது சாயவுமே அணைஞ்சிட்டு. காந்தம் அணையலையே, ஏளா."

"பொறவு ஏம்ண்ணே சொல்லல?"

"சொன்னா ஒம் மாப்பிள்ளைய இந்த ஊர்ல உசுரோட விடுவானுவளா? கால் ஒடிஞ்சி கெடக்கான் பாரு, அவன் தம்பிமாரே போதும். என் பேருதான போச்சி. போயிட்டுப் போவுது."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்தேன். இவர் இன்னொரு சக்கரத்துக்குக் காந்தம் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டாம் நாளே அணைஞ்சிட்டா?"

அந்த நிமிஷம் நான் இவரை வெறுத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடத்துக் காம்பாஸை எடுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓங்கி வைத்தேன். முள் சட்டென்று சக்கரத்தின் பக்கம் திரும்பியது.

இவர் அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். முள் வடக்கே போயிற்று. திரும்பி வந்தார். முள்ளும் திரும்பியது. மறுபடி போனார். மறுபடி வந்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மச்சானுக்குத் தெரியுமா?"

"அன்னைலருந்தே தெரியும்."

"தெரிஞ்சிக்கிட்டேவா இம்புட்டு நாளும் என் கையால காப்பி வாங்கிக் குடிச்சாவ?"

முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒரு பக்கம் அண்ணன் பேர், இன்னொரு பக்கம் என் தாலி. இருந்தும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் தண்டல்மார் கூடுவார்கள். இவர் சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நான் அண்ணனின் காம்பாஸை அண்ணியிடம் வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு வெங்காய மூட்டைமேல் அதை வைத்தேன். இவர் சக்கரத்தைக் கிட்டே கொண்டுவந்தார். முள் திரும்பியது. விலக்கினார். முள் தன் இடத்துக்குப் போனது. மூன்றாவது தடவை செய்தபோது வயதான ஒரு தண்டல் "மாதாவே" என்றார்.

"இதே மாதிரி ஒண்ணு அந்தத் தோணியில காம்பாஸ் பக்கத்துல இருந்துது. நான்தான் வச்சேன். மச்சானுக்கு வழி தெரியும்" என்றார் இவர். எத்தனையோ வருஷமாக அவர் செய்த சோதனைகளில் எல்லார் கண்முன்னாலும் பலித்தது அது ஒன்றுதான்.

கால் ஒடிந்தவனின் தம்பி பாய்ந்து இவர் சட்டையைப் பிடித்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அண்ணனுக்கு யாரோ போய்ச் சொல்ல, அவர் உப்புப் படிந்த காலோடு ஓடிவந்து நடுவில் விழுந்து தடுத்தார். "என் தோணியில எது ஏறுனாலும் நாந்தாம்லே பொறுப்பு" என்று அவனைப் பார்த்துக் கத்தினார். எங்களைப் பார்த்தும்தான். அன்றைக்கு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலாளி உடனே மனம் மாறிவிடவில்லை. ஆனால் தண்டல்மார் பேச்சு மாறியது. அடுத்த பருவத்துக்கு வேறொரு முதலாளி அண்ணனைக் கூப்பிட்டார். சின்னத் தோணிதான்.

புறப்படுகிற அன்று வழியனுப்பப் போனோம். துறைமுகத்து வாசலிலேயே இவர் நின்றார். இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். பைக்குள் துழாவி ஒரு திருகாணியை எடுத்துக் கொடுத்தார். இரும்புக் கொக்கி போட்ட பெல்ட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மச்சான், மேல வாங்க. ஏறிப் பாருங்க" என்று அண்ணன் தோணியிலிருந்து கூப்பிட்டார்.

இவர் ஏறவில்லை. பாய் விரித்துத் தோணி கிளம்புகிறவரை தள்ளியே நின்றார்.