பனி பருத்தியான காலண்டர்

கொழும்பிலிருந்து திரும்பிய பெரியப்பா கொண்டுவந்தவை ஒரு தகரப்பெட்டி, ஒரு குடை, செய்தித்தாளில் சுருட்டிய ஒரு படம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை எரிந்தது. எப்போதோ ஒரு போலந்துக் கப்பல்காரன் கொடுத்துவிட்டுப் போன அந்த அச்சுப்படம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. பெரியப்பா தப்பியதே எங்கள் வீட்டுக்குப் பெரிதாக இருந்தது. படத்தை யார் பார்த்தார்கள்?

நான் பார்த்தேன். எங்கும் வெள்ளை. கரிசலில் பிறந்த கண்ணுக்கு அத்தனை வெள்ளை கூசியது. சாம்பல் கோட்டு போட்ட ஒருவன், காலில் அறுந்த சங்கிலியோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். அவன் தோளில் கைவைத்தபடி சிறகுள்ள ஒரு பெண். உள்ளே, விளக்கருகே மேசை முன்னால் இன்னொருத்தி. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“நாடு கடத்திட்டாங்க அவன. பல வருசங் கழிச்சு இப்பதான் வீட்டுக்கு வாரான்” என்றார் பெரியப்பா. கப்பல்காரன் சொன்னதாம்.

“அவ ஏன் திரும்பிப் பாக்கல?”

“கதவு தொறந்த சத்தம் கேட்டிருக்காது.”

பெரியம்மாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நாலு தெரு தள்ளியிருக்கும் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி விழுந்தாலும் கேட்கும் காது அது. ஆனாலும் பெரியப்பா வந்து இறங்கிய நாளிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை அம்மாவிடம் ஒருநாள் கிசுகிசுத்தாள்: “அங்கன ஒருத்தி இருந்தாளாம்லா.” கொழும்பு அவ்வளவு பெரிய ஊர், ஒருத்தி இருக்கமாட்டாளா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் பலசரக்குக் கடையில் வருஷாவருஷம் முருகன் படம் போட்டுத் தினசரிக் காலண்டர் கொடுப்போம். அந்த ஐப்பசியில், வந்ததிலிருந்து எதையுமே கேட்காத பெரியப்பா, தன் படத்தைப் போடச் சொன்னார்.

“சங்கிலி போட்ட ஆள வருசப்பொறப்புக்கு எவன் வீட்டுல மாட்டுவான் அண்ணாச்சி?” என்றார் அப்பா.

“மாட்டுதவன் மாட்டட்டும்டே.”

அண்ணன் கேட்டதை மறுக்க அப்பாவால் முடியவில்லை. படம் சிவகாசிக்குப் போனது.

மார்கழியில் அப்பா கட்டுகளைப் பிரித்தார். பனி முழுக்கப் பருத்தியாகியிருந்தது. காய் காயாக வெடித்து, அடிவானம் வரைக்கும் பருத்தி. கோட்டுக்குப் பதில் வேட்டி, நெற்றியில் திருநீறு. சங்கிலி வெள்ளித் தண்டையாகிவிட்டது. சிறகுக்காரி நான்கு கைகளோடு மகாலட்சுமி. உள்ளே இருந்தவளோ வாசலைப் பார்த்து முகம் மலரச் சிரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் மேசையைக் காணோம், அங்கே ஒரு குத்துவிளக்கு எரிந்தது.

அச்சகத்துக்காரர் சமாதானம் சொன்னார்: “ஆர்ட்டிஸ்டு லேசாத் திருத்தியிருக்கான் அண்ணாச்சி. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஒருத்தி இருந்தா யாவாரம் வெளங்குமா?”

வெளங்கியது. பருத்தி விதைக்கிற பசுவந்தனைச் சம்சாரிகள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இந்த வெத எங்கன கெடைக்கும் அண்ணாச்சி?” என்று ஒருவர் கேட்டே விட்டார். கேட்காதவர்களுக்கும் வேண்டியிருந்தது.

பெரியப்பா சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் காலண்டரை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அச்சகத்திலிருந்து திரும்பி வந்த அசல் படத்தைச் சுருட்டி, “ஏட்டி, இத நீ வச்சுக்கோ” என்று என்னிடம் தந்தார். பிறகு அடுப்படி வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் தன் கையாலேயே ஆணி அடித்து, அந்தச் சிரிப்பை மாட்டினார்.

காலையில் தேதி கிழிப்பது பெரியம்மா. தலையை நிமிர்த்தாமலே கிழிப்பாள். தை பிறந்த பிறகு ஒருநாள் நிமிர்ந்தாள். பெரியப்பா பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்கென்ன, படத்துல இருக்கா. சிரிக்கா” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அப்பாவோடு கடைக்குக் கிளம்பினார். பெரியம்மாவுக்குப் படம் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அசல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. போன வாரம் கண்ணாடி போட்டு வைக்கலாமென்று எடுத்து விரித்தேன். வாசலில் நிற்பவனை, சிறகை, திரும்பிய முகத்தைப் பார்த்துப் பழகிய கண், அன்றைக்குத்தான் மேசைக்கு இறங்கியது. அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிண்ணம். அதன்மேல் கவிழ்த்த ஒரு தட்டு. தட்டின் விளிம்பில் கோடுபோல ஆவி.

குத்துவிளக்கு வரைவதற்காக அந்த ஆர்ட்டிஸ்டு அழித்தது இதைத்தான். பெரியப்பாவும் இதைப் பார்த்திருக்கமாட்டார். முகம் திரும்பவில்லை என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் அவர். அப்பாவின் கடையைக் கட்டிவிட்டு வந்து காலைக் கழுவுவார். “ஏட்டி, ஒங்க பெரியப்பாவச் சாப்பிடச் சொல்லு” என்று அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் மட்டும் வரும். மூடி வைத்த தட்டை எடுத்துக்கொண்டுபோய் வைப்பது என் வேலை. நாங்களெல்லாம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, அடுப்படியே ஆறிக் கிடக்கும். அந்தத் தட்டு மட்டும் கையைச் சுடும். பாவாடை நுனியால் பிடித்துக்கொண்டு, பெரியம்மாவை மனதுக்குள் திட்டியபடியே நடப்பேன்.