பத்மினிக்கு அடி தாழ்வு

பெட்ரோலின் வாசனையில் லேசாக ஓர் இனிப்பு உண்டு. டீசல் புகையோ தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்னவாசலில் கார் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீடு இருந்ததால், காலையில் கண்ணைத் திறக்காமலே எந்த வண்டி கிளம்புகிறது என்று சொல்லிவிடுவேன். இனிப்பு என்றால் சூசை மாமாவின் பத்மினி, கரிப்பு என்றால் சுப்பையா மாமாவின் அம்பாசடர். இருந்தவை அந்த இரண்டுதான். ஆளுக்கொரு "டர்ன்", அதை மீறி மற்றவர் சவாரி எடுப்பதில்லை.

சவாரி இல்லாத நேரமெல்லாம் எந்த வண்டி ஒசத்தி என்பதே பேச்சு. "ஒன் அம்பாசடர் சூடேறிக் கெளம்புறதுக்குள்ள நான் புதுக்கோட்டையில டீ குடிச்சிட்டு வந்துருவேன்" என்பார் சூசை மாமா. "டீதான் குடிக்கலாம். ஆறு பேர ஏத்துனா ஒம் பத்மினி குத்த வச்சிரும்" என்பார் சுப்பையா மாமா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்துக் கூட்டத் தெரியாத மாமாக்களுக்கு, வண்டிகளோடு வந்த புத்தகங்களை வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு. பத்மினி ஆயிரத்து எண்பத்தொன்பது சிசி, பெட்ரோல். அம்பாசடர் ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பது, டீசல். இரண்டுக்கும் நாலு கியர். வாய்ப்பாடு போல ஒப்பிப்பேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில், கொல்லையில் விறகு எடுக்கப் போன ஆத்தாவைக் கட்டுவிரியன் கடித்தது. அப்பா சிங்கப்பூரில். நான்தான் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சுப்பையா மாமா தன் வண்டிக் கதவில் கை வைத்தவர், எடுத்துக்கொண்டு, "ஒன் டர்னு சூசை. வெரசாப் போ" என்றார்.

பின்சீட்டில் ஆத்தாவின் தலை என் தோளில் சரிந்தது. "தங்கச்சியத் தூங்க விடாதடா. எதையாச்சும் பேசிக்கிட்டே வா" என்றார் சூசை மாமா; ஆத்தாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பயத்தில் எனக்குச் சாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை; வந்தது அந்த எண்கள்தான். சொல்லிக்கொண்டே போனேன். பாதி மூடிய கண்ணோடு ஆத்தா கேட்டாள், "அப்ப எதுடா பெருசு?"

"இஞ்சின்ல அம்பாசடர். வெயிட்டும் அதான்."

"பெறகு ஏன் இதுல போறோம்?"

"இதான் வேகம் ஆத்தா. அடுத்து, தரையில இருந்து ஒசரம்..." என்றவன் நிறுத்திவிட்டேன். எதிரே கண்மாய் நிரம்பி வழிந்து, தரைப்பாலத்தின் மேல் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பத்மினிக்கு அடி தாழ்வு என்பது அந்த வண்டியில் இருந்த எங்கள் இருவருக்குமே தெரியும்.

"நிறுத்தாத, பேசு" என்றபடி சூசை மாமா வண்டியைத் தண்ணீரில் இறக்கினார். நடுப்பாலத்தில் இஞ்சின் இருமி அடங்கியது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி என் பாதங்களை நனைத்தது. சாவியைத் திருப்பத் திருப்ப வெறும் சத்தம்தான். "ஆத்தா, எது பெருசுன்னு கேளு ஆத்தா" என்று அவளை உலுக்கினேன். அவள் கேட்கவில்லை.

அப்போது பின்னால் ஒரு மோதல். திரும்பினால் கண்ணாடி நிறைய இரண்டு உருண்டை விளக்குகள். கூடவே அந்தக் கரிப்பு. டர்ன் இல்லாத வண்டி சவாரியும் இல்லாமல் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறது. பம்பரோடு பம்பர் வைத்து எங்களை அக்கரைக்குத் தள்ளியது. அங்கே ஆத்தாவை அம்பாசடருக்குத் தூக்கி மாற்றினார்கள். சூசை மாமா தன் வண்டியைப் பூட்டாமலே விட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் ஆத்தா கண் திறந்தபோது, "எந்த வண்டியில வந்தோம்?" என்று கேட்டாள். "ரெண்டுலயும்" என்றேன். வாசலில் மாமாக்கள் இருவரும், வெள்ளத்தில் எந்த வண்டி ஒசத்தி என்று மறுபடி ஆரம்பித்திருந்தார்கள்.

இரண்டு வண்டிகளும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஸ்டாண்டில் இன்று ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன. தரைப்பாலம் இருந்த இடத்தில் உயரப் பாலம். பஸ் அதில் ஏறும்போது என் பாதங்கள் தாமாகவே தரையை விட்டு எழும்பிவிடும். பக்கத்தில் ஆத்தா கண்ணயர்ந்திருந்தால், பாலம் தாண்டும்வரை எதையாவது பேசி எழுப்பிவைப்பேன்.

"செத்த தூங்க விடேன்டா" என்பாள். விடுவதில்லை.