மெல்பர்னில் நான் நொண்டிய நாட்கள்

சிட்னி நிகழ்ச்சிக்கு மறுநாள் உங்களுக்கு ஓய்வு என்று சென்னையிலேயே சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, கடற்கரைக்கென்று ஒரு நீலச் சுடிதாரைப் பெட்டியில் மேலாகவே வைத்து எடுத்துப் போனேன்.

எங்கள் நடனக் குழுவை நடத்தியவரை நாங்கள் டீச்சர் என்போம். சிட்னி விமான நிலையத்தில் குடிவரவுச் சோதனை முடிந்ததும் டீச்சர் எங்கள் பாஸ்போர்ட்டுகளை எல்லாம் வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்" என்றார். சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு குழுவோடு வந்த மிருதங்கக்காரர் ஒருவர், திரும்பிப் போகிற அன்று காணாமல் போய் அங்கேயே தங்கிவிட்டாராம். முகம் தெரியாத அந்த மனிதருக்காக எங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள்.

நானும் என் தோழியும் சிட்னிப் புறநகரான நார்த்மீடில் தங்கினோம். எங்களை வரவழைத்த தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் வீடு அது. அவரும் மனைவியும் கோயம்புத்தூர்க்காரர்கள், இருவரும் ஐ.டி.யில் வேலை. தோழியும் நானும் பாவாடை சட்டைக் காலத்திலிருந்து ஒரே வகுப்பில் ஆடியவர்கள். சலங்கை அறுந்தால் அவளுடையதை வாங்கிக் கட்டிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம்.

ஓய்வு நாள் காலையில் செயலாளர் டீச்சரைத் துறைமுகத்தில் படகுச் சவாரிக்கு அழைத்துப்போனார். நாங்களும் தலை சீவிக்கொண்டு கிளம்பி நின்றோம். செயலாளரின் மனைவி சிரித்தார்.

"உங்களுக்கு இன்னிக்கு ரெஸ்ட்டும்மா. ஈவினிங் கமிட்டிக்காரங்க டின்னருக்கு வர்றாங்க. வெங்காயம் மட்டும் கொஞ்சம் உரிச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும்."

வெங்காயத்துக்குப் பின் உருளைக்கிழங்கு வந்தது. அதற்குப் பின் பின்கட்டு மரத்தளத்தைக் கூட்டச் சொன்னார். சாயங்காலம் விருந்தினர்களுக்காக அதில் "சின்னதா ஒரு ஐட்டம்" ஆட வேண்டுமாம். பிறகு கேக் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சங்க விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்க ஈழத்து அக்கா ஒருவர் வருவார். அன்றும் விடிந்ததும் வந்து ஆட்டுக்கறியை முடித்து இறக்கியிருந்தார். அகதியாகப் படகில் வந்தவர். வந்து இத்தனை வருடமாகியும் தற்காலிக விசாவில்தான் இருக்கிறார் என்று முதல் நாளே செயலாளரின் மனைவி எங்களிடம் தணிந்த குரலில் சொல்லியிருந்தார்.

"பிள்ளை, கடல் பாத்தாச்சோ?" என்று கேட்டார் அந்த அக்கா.

"இல்லக்கா. ஃப்ளைட்லேருந்து பாத்ததோட சரி."

"இவ்வளவு தூரம் வந்திட்டுக் கடலைப் பாக்காமல் போறதோ? என்ரை வேலை முடிஞ்சுது. கார் நிக்குது. காட்டிப்போட்டுக் கொண்டுவந்து விடுறன், வாங்கோ."

தோழியைக் கூப்பிட்டேன். அவள் கத்தியை வைக்காமலே தலையாட்டினாள். "நீ போய்ட்டு வா. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

மரூப்ரா கடற்கரையில் காற்று முகத்தில் அறைந்தது. அந்த அக்கா மேலே புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க வரலையாக்கா?"

"இல்லைப் பிள்ளை. நான் படகிலை கடல் பாத்தது காணும். நீங்கள் போங்கோ."

சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் ஐஸாக இருந்தது. ஒரு பெரிய அலை வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. யாரும் பார்க்காத இடத்தில், தாளம் இல்லாமல், கையை விரித்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்தப் பயணத்தில் எனக்கென்று கிடைத்த பொழுது அவ்வளவுதான்.

ஈரத்தோடு திரும்பி வந்தபோது அக்கா மீன் ரோல் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அம்மா முல்லைத்தீவில் இருக்கிறார் என்றார். "போய்ப் பாக்க ஏலாது. போனால் திரும்பி வர விடமாட்டினம்." நான் ரோலைத் தின்றேன்.

திரும்பும் வழியில் போக்குவரத்து நெரிசலில் கார் ஊர்ந்தது. என் போனில் உள்ளூர் சிம் இல்லை. நார்த்மீட் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். படகுச் சவாரியைப் பாதியில் விட்டு வந்த கோபம் முகத்தில் தெரிந்தது.

"எங்கடி போன? ஓடிப்போய்ட்டேன்னு இவங்க போலீசுக்கே சொல்ல இருந்தாங்க."

"கடலப் பாக்கப் போனேன் டீச்சர். இவகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

எல்லோரும் தோழியைப் பார்த்தார்கள். அவள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்தாள். என் ஈரச் சுடிதாரைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல டீச்சர்."

செயலாளரின் மனைவி அந்த அக்கா பக்கம் திரும்பினார். "போட்ல வந்தவங்கள வீட்டுக்குள்ள விட்டதே எங்க தப்பு. இவ அப்படியே போயிருந்தா இனிமே எங்க சங்கம் கூப்பிட்டா யாருக்காவது விசா குடுப்பானா?"

"நான் கடலைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போனனான்."

"நான்தான் கேட்டுப் போனேன், அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். என் குரலை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த அக்கா சமையலறைக்குள் போய்த் தன் அகப்பையையும் கத்தியையும் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டார். வாசலில் என்னிடம் மட்டும் "போட்டு வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று விருந்துக்கு வந்தவர்கள் அவர் சமைத்த ஆட்டுக்கறியை இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார்கள். "பிரமாதம், யார் சமையல்?" என்று கேட்டவரிடம் செயலாளரின் மனைவி, "நாங்கதான், எல்லாரும் சேர்ந்து" என்றார். மரத்தளத்தில் தோழி ஆடினாள்.

மெல்பர்ன் விமானத்தில் டீச்சர் என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். "அங்க நீ மேடை ஏற வேணாம். கால் சுளுக்குன்னு சொல்லியாச்சு. நீயும் அதையே சொல்லு." எந்தக் கால் என்று அவர் சொல்லவில்லை. இடதுகால் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மெல்பர்னில் எங்களுக்கு வீடு கொடுத்தவர்கள் கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் இளம் தம்பதி. நல்லவர்கள். அதுதான் பெரிய கஷ்டமாகப் போயிற்று. "காலைத் தரையில வைக்காதீங்க மேடம்" என்று மோடா கொண்டுவந்து போட்டார் அந்தப் பெண். ஒத்தடம் கொடுத்தார், தைலம் தேய்த்துவிட்டார். வலிக்காத காலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, வலிப்பதுபோல் முகத்தைச் சுளிக்க வேண்டியிருந்தது. பதினேழு வருடம் அபிநயம் படித்தது அதற்குத்தான் உதவியது.

மற்றவர்கள் கடலோரச் சாலைக்கும் பென்குவின் பார்க்கவும் வேனில் போனார்கள். "கால் வலியோட நீங்க எதுக்கும்மா சிரமப்படணும்?" என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது எழுந்து சமையலறைக்கும் கூடத்துக்கும் ஒழுங்காக நடப்பேன். கார் சத்தம் கேட்டால் சோபாவுக்கு ஓடிவந்து காலை நீட்டிக்கொள்வேன். முப்பது வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு கேவலம் என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

நிகழ்ச்சியன்று என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். என் உடையைத் தோழிக்கு இடுப்பில் ஊக்கு குத்திப் பிடித்திருந்தார்கள். என் வர்ணத்தை அவள் ஆடினாள். நன்றாகவே ஆடினாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்திலிருந்தவர்கள் பார்ப்பார்களே என்று நானும் கைதட்டினேன்.

ஊர் திரும்பியதும் குழுவை விட்டு விலகினேன். ஆனால் சுளுக்கு எனக்கு முன்பாகவே சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தது. மார்கழிக் கச்சேரிக்கு வாய்ப்புக் கேட்டுப் போன இடத்தில் எல்லாம், "உங்களுக்கு லிகமென்ட் பிரச்சினைன்னு சொன்னாங்களே" என்றார்கள். ஆடிக்காட்டுகிறேன் என்றால், எதற்கு ரிஸ்க் என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். இரண்டு வருடத்துக்குப் பின் கேட்பதையும் விட்டுவிட்டேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த அக்காவின் எண்ணை வேறொருவரிடம் வாங்கி, மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சங்கத்தில் இப்போது அவரைக் கூப்பிடுவதில்லையாம். "அதை விடுங்கோ பிள்ளை, எனக்கு உது புதுசில்லை" என்று பதில் வந்தது. எனக்குப் புதிதாக இருந்தது. இன்றுவரை விட முடியவில்லை.

தோழியைப் போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, இளைத்துவிட்டாய் என்றாள், என் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், புடவை எங்கே வாங்கியது என்று கேட்டாள். அன்று நீ என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாய் என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வாளா என்று பந்தி முடியும்வரை காத்திருந்தேன். பாயசம் நன்றாக இருக்கிறது என்றாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.